டிக்‌ஷனரி பாத்தும் புரியாத இங்கிலீஷ் வாக்கியங்கள்: சிக்கல் எங்க இருக்கு?

"தி ஓல்ட் மேன் தி போட்." அஞ்சே வார்த்தை, ஒண்ணுகூட தெரியாத வார்த்தை கிடையாது, இருந்தாலும் முதல் தடவை படிக்கிறவங்களுக்கு இது வாக்கியமாவே தெரியாது, பாதில அறுந்துபோன மாதிரி இருக்கும். ஆனா இலக்கணப்படி இதுல ஒரு தப்பும் இல்ல. இங்க "மேன்" மனுஷன் இல்ல, வினைச்சொல். ஒரு படகையோ மெஷினையோ ஆள் நின்னு இயக்குறதுக்கு இங்கிலீஷ்ல "மேன்"னு ஒரு வினை இருக்கு. "தி ஓல்ட்"னா வயசானவங்க. ஆக, வயசானவங்கதான் படகை இயக்குறாங்க, அவ்வளவுதான் விஷயம்.

வாக்கியம் புரியலன்னா உடனே நமக்கு வொகாபுலரி பத்தலன்னு முடிவு பண்ணி வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் பண்ண உக்காந்துடுறவங்க நிறைய பேர். பெரிய வார்த்தையெல்லாம் பிரச்சனையே இல்ல, ஃபோன்ல தட்டினா அர்த்தம் வந்துடும். மாட்டிவிடுறது சின்ன வார்த்தைகளும், அதைவிட முக்கியமா, எழுதாமலே விட்ட வார்த்தைகளும்தான். எழுதாத வார்த்தையை எந்த டிக்‌ஷனரில போய் தேடுறது?

## அடிப்படை: நிக்கிற இடம்தான் எல்லாம்

"நாயைப் பூனை கடிச்சுது", "பூனை நாயைக் கடிச்சுது" ரெண்டும் நமக்கு ஒண்ணுதான், ஏன்னா "ஐ" உருபு நாய் மேல ஒட்டிக்கிட்டு இருக்கு, நாயை எங்க தூக்கி வெச்சாலும் கடி வாங்கினது அதுதான். இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல இந்த வசதி இருந்துச்சு. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த பழைய இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை விகுதி உண்டு, அதனால வார்த்தைகளை ஓரளவு இடம் மாத்தியும் எழுத முடிஞ்சுது. அடுத்து வந்த நூற்றாண்டுகள்ல அந்த விகுதியெல்லாம் தேய்ஞ்சு போய், இப்ப மிச்சம் இருக்கிறது ஹி-ஹிம், ஷி-ஹெர் மாதிரி பிரதிப்பெயர்களும், உடைமையைக் காட்டுற அந்த "எஸ்"ஸும்தான். யார் செஞ்சா, யாருக்கு நடந்துச்சுன்னு சொல்ற மொத்த வேலையும் வார்த்தை நிக்கிற இடத்தோட தலைல விழுந்துடுச்சு.

இன்னொரு விஷயம் இருக்கு, நமக்கு இதுதான் ரொம்ப முக்கியம். தமிழ்ல வினைச்சொல்லோட வாலைப் பாத்தாலே வாக்கியம் முடிஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சுடும். "ஓடினான்" முற்று, "ஓடி" வினையெச்சம், "ஓடின" பெயரெச்சம். இங்கிலீஷ்ல "ஈடி" போட்ட வினை முற்றாவும் நிக்கும், பெயரெச்சமாவும் நிக்கும், பாத்தா வித்தியாசமே தெரியாது. "ஸ்டாப்ட்"னா "நிறுத்தினான்"னும் ஆகலாம், "நிறுத்தப்பட்ட"ன்னும் ஆகலாம்.

## குதிரை விழுந்த கதை

தாமஸ் பெவர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970ல எழுதின கட்டுரைல ஒரு வாக்கியம் வரும், மொழியியல் படிக்கிறவங்க எல்லாருக்கும் அது தெரியும்: "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." ஒவ்வொரு வார்த்தையா போய் பாக்கலாம்.

"தி ஹார்ஸ்", குதிரை, சரி. "ரேஸ்ட்", ஓடுச்சு, சரி, முற்று கிடைச்சாச்சு. "பாஸ்ட் தி பார்ன்", கொட்டகையைத் தாண்டி. குதிரை கொட்டகையைத் தாண்டி ஓடுச்சு, வாக்கியம் முடிஞ்சுதுன்னு மனசு கதவைச் சாத்திடும். அப்பதான் "ஃபெல்" வந்து நிக்குது, விழுந்துச்சாம். யாரு விழுந்தா? கொட்டகையா? இங்க வெள்ளைக்காரங்களும் திணறுவாங்க, அது நம்ம குறை இல்ல.

முடிச்சு "ரேஸ்ட்"ல இருக்கு. அது முற்று இல்ல, பெயரெச்சம்: "ஓட்டப்பட்ட". "கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்துச்சு." நடுவுல "தட் வாஸ்"னு ரெண்டு வார்த்தை இருந்திருந்தா யாருக்கும் குழப்பம் வந்திருக்காது, அதை விட இலக்கணம் அனுமதிக்குது, விட்டுட்டாங்க. இந்த மாதிரி ஆளை ஒரு வழில நம்ப வெச்சு கூட்டிட்டுப் போய் கடைசில கைவிடுற வாக்கியத்துக்கு "கார்டன் பாத்" வாக்கியம்னு பேரு.

இப்ப அதே இடத்துல "ரேஸ்ட்"டை எடுத்துட்டு "ரிடன்" போட்டுப் பாருங்க: "தி ஹார்ஸ் ரிடன் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." குழப்பம் பாதிக்கு மேல போயிடுச்சு. ஏன்னா "ரைடு"க்கு இறந்தகாலம் "ரோட்", எச்ச வடிவம் "ரிடன்", ரெண்டும் வேற வேற. "கிவன்", "டேக்கன்", "ஸீன்", "ரிட்டன்" இதெல்லாமும் இப்படித்தான், பாத்த உடனே தனியா நின்னா முற்று இல்லன்னு தெரிஞ்சுடும். சந்தேகப்பட வேண்டியது ரெண்டு வடிவமும் ஒண்ணா இருக்குற வினைகளை: எல்லா "ஈடி" வினைகளும், அப்புறம் சென்ட், டோல்ட், பெய்ட், ஹெல்ட், ஃபவுண்ட், மேட் மாதிரி ஆளுங்களும்.

குதிரை வாக்கியம் ஆராய்ச்சிக்குன்னு செஞ்சது. ஆனா "தி கஸ்டமர் சென்ட் தி ராங் பார்சல் ஆஸ்க்ட் ஃபார் எ ரீஃபண்ட்" மாதிரி ஒண்ணு எந்த ஆபீஸ் மெயில்லயும் வரலாம். கஸ்டமர் பார்சல் அனுப்பலங்க, அவருக்குத்தான் தப்பான பார்சலை அனுப்பியிருக்காங்க, அவர் காசைத் திருப்பிக் கேட்டிருக்கார். இதைத் தப்பா படிச்சா குத்தம் யார் மேலன்றதே தலைகீழாயிடும்.

## எழுதாம விட்ட "தட்", "விச்", "ஹூம்"

"தி பென் ஐ பாட்" மாதிரி சின்னதா இருந்தா யாரும் தடுமாற மாட்டோம். ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடியே, கமா இல்லாம, இன்னொரு பெயரோ பிரதிப்பெயரோ வந்து நின்னா நடுவுல ஒரு "தட்" விழுந்து கிடக்குதுன்னு பெரும்பாலும் வெச்சுக்கலாம். "ஆல் தி மனி ஹி ஹாட் ஹாட் டிஸப்பியர்ட்"ல ரெண்டு "ஹாட்" சேந்து வருதே, டைப்பிங் மிஸ்டேக்கான்னு தோணும். இல்ல. "அவன்கிட்ட இருந்த பணம்"னு முதல் "ஹாட்"டோட ஒரு துண்டு முடியுது, "மொத்தமும் காணாம போயிருந்துச்சு"ன்னு ரெண்டாவது "ஹாட்" அடுத்த துண்டை ஆரம்பிக்குது.

ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்க ஆரம்பிச்சா கதை கந்தல். "தி ரேட் தி கேட் தி டாக் சேஸ்ட் பிட் டைட்" இதுவும் இலக்கணப்படி சரிதான், மூணு எழுவாயை முதல்ல அடுக்கிட்டு மூணு வினையைக் கடைசில கொட்டுது, எந்த வினை யாருக்குன்னு ஞாபகத்துல வெச்சுக்கவே முடியாது. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியும் உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் 1963லயே இந்த வகை வாக்கியத்தைப் பத்தி எழுதினாங்க, இலக்கணம் இதை அனுமதிக்குது ஆனா மனுஷ ஞாபகசக்தி தாங்கலன்னு. வேடிக்கை என்னன்னா அதையே தமிழ்ல சொன்னா, "நாய் துரத்தின பூனை கடிச்ச எலி செத்துப்போச்சு", குழந்தைக்குக்கூட புரியும். நம்ம பெயரெச்சம் பெயருக்கு முன்னாடியே வந்துடுறதால ஒவ்வொண்ணும் அங்கங்க முடிஞ்சு முடிஞ்சு போகுது. அதுக்காக தமிழ்ல இந்தச் சிக்கலே இல்லன்னு காலரைத் தூக்கிவிட்டுக்க வேண்டாம், "புலி கொன்ற யானை"ன்னா செத்தது புலியா யானையான்னு நம்ம பழைய உரையாசிரியர்களே மண்டையை உடைச்சிருக்காங்க.

## வினையை எண்ணுற முறை

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, எந்த நீள வாக்கியத்துக்கும் பெரும்பாலும் செல்லுபடியாகும்.

1. வாக்கியத்துல இருக்குற முற்று வினைகளை மட்டும் எண்ணணும். "ஹேஸ் சேஞ்ச்ட்", "ஷுட் ஃபில்" மாதிரி துணை வினையோட வர்றது ஒண்ணுன்னே கணக்கு. "டு" போட்ட வினை, தனியா நிக்கிற "இங்" வினை இதெல்லாம் சேத்தி இல்ல.

2. இணைப்புச் சொற்களை எண்ணணும்: பட், இஃப், பிகாஸ், வென், தட், விச், ஹூ இந்த வகையறா. "அண்ட்" ரெண்டு வினைத் துண்டை சேத்தா மட்டும் கணக்குல வரும், ரெண்டு பெயரைச் சேத்தா வராது. செமிகோலனும் ஒரு இணைப்புதான்.

3. முற்று எத்தனையோ அதுல ஒண்ணு குறைச்சா இணைப்புச் சொல் எண்ணிக்கை வரணும். இணைப்பு குறைஞ்சா ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. இல்லன்னா நாம முற்றுன்னு நெனச்ச ஏதோ ஒண்ணு எச்சம்.

சோதிச்சுப் பாக்க ஒரு கொடுமையான வாக்கியம்: "தி ஃபார்ம் தி ஆபீசர் யூ ஸ்போக் டு செட் யூ ஷுட் ஃபில் இன் பிஃபோர் தி டேட் பிரின்டட் ஆன் தி பேக் ஹேஸ் சேஞ்ச்ட்."

முற்று போல தெரியிறது அஞ்சு: ஸ்போக், செட், ஷுட் ஃபில், பிரின்டட், ஹேஸ் சேஞ்ச்ட். இதுல "பிரின்டட்" மேல சந்தேகம் வரணும், "ஈடி" வினை. தேதி எதையும் அச்சடிக்காது, தேதியைத்தான் அச்சடிப்பாங்க, அதனால அது எச்சம், கழிச்சுடலாம். மிச்சம் நாலு முற்று, அப்ப மூணு இணைப்பு வேணும். கண்ணுக்குத் தெரியிறது "பிஃபோர்" ஒண்ணுதான், அது இணைப்பான்னே உறுதியா தெரியல. இப்ப பெயரும் பெயரும் முட்டுற இடத்தைப் பாருங்க: "ஃபார்ம்" முடிஞ்ச உடனே "தி ஆபீசர்", அங்க ஒரு "விச்". "ஆபீசர்" முடிஞ்ச உடனே "யூ", அங்க ஒரு "ஹூம்". "செட்"டுக்குப் பின்னாடி "யூ", அங்க ஒரு "தட்". மூணும் கிடைச்சாச்சு, கணக்கு டேலி ஆயிடுச்சு. அப்ப "பிஃபோர்" வெறும் முன்னிடைச்சொல், "அந்தத் தேதிக்கு முன்னாடி"ன்றதோட அதோட வேலை முடிஞ்சுது.

இங்க ஒரு குழி இருக்கு, கடைசில "பின்னாடி அச்சடிச்ச தேதி மாறுறதுக்குள்ள"ன்னு சேத்துப் படிக்கத் தோணும். அப்படிப் படிச்சா "ஹேஸ் சேஞ்ச்ட்"டை தேதி தூக்கிட்டுப் போயிடும், முதல்ல வந்த "தி ஃபார்ம்" வினையே இல்லாம அனாதையா நிக்கும். முதல் எழுவாய்க்கு வினை கிடைக்கலன்னா எங்கயோ தப்பா வெட்டியிருக்கோம்னு அர்த்தம். ஆக சரியான அர்த்தம்: நீங்க பேசின ஆபீசர், பின்னாடி அச்சடிச்சிருக்குற தேதிக்குள்ள நிரப்பணும்னு சொன்ன ஃபார்ம் மாறிடுச்சு. இதை இப்படி எழுதினவரைக் கேள்வி கேக்கணும், அது வேற விஷயம்.

## தலைகீழ் வரிசை

கேள்விக்குறி இல்லாம கேள்வி மாதிரி ஆரம்பிக்கிற வாக்கியங்கள் இருக்கு.

1. "ஹாட் ஐ நோன்", "வேர் ஐ யூ", "ஷுட் யூ நீட் ஹெல்ப்" இந்த மூணும் ஒளிச்சு வெச்ச "இஃப்"தான். தெரிஞ்சிருந்தா, நான் உன் இடத்துல இருந்தா, உதவி வேணும்னா. கடைசி ஒண்ணு கஸ்டமர் கேர் மெயில்ல அடிக்கடி வரும், "ஷுட்"டைப் பாத்துட்டு கட்டளைன்னு நெனச்சுக்கறவங்க உண்டு, இல்ல.

2. "நெவர்", "நாட் ஒன்லி", "ஒன்லி ஆஃப்டர்" மாதிரி எதிர்மறையோ கட்டுப்பாடோ முன்னாடி வந்தா பின்னாடி எழுவாயும் துணை வினையும் இடம் மாறும். "ஒன்லி ஆஃப்டர் ஷி லெஃப்ட் டிட் ஹி ஸ்பீக்": அவ போனதுக்கு அப்புறம்தான் அவன் வாயைத் திறந்தான். அந்த "டிட்"டைப் பிடிச்சுக்கிட்டா போதும், முதன்மை வாக்கியம் ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

## எதிர்மறை மேல எதிர்மறை

இங்க இங்கிலீஷையே தாய்மொழியா பேசுறவங்களும் கோட்டை விடுறாங்க, அதுக்கு ஆதாரமே இருக்கு. வேசன், ரைக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1979ல ஒரு வாக்கியத்தை எடுத்து ஆராய்ஞ்சாங்க: "நோ ஹெட் இஞ்சுரி இஸ் டூ ட்ரிவியல் டு பி இக்னோர்ட்." தலைல எவ்வளவு சின்ன அடி பட்டாலும் அலட்சியப்படுத்தக் கூடாது, இதானே அர்த்தம்? எல்லாரும் அப்படித்தான் படிப்பாங்க. ஆனா வாக்கியம் சொல்றது அதுக்கு நேர் எதிர்.

பக்கத்துல இன்னொண்ணை வெச்சுப் பாத்தா வெளிச்சத்துக்கு வரும். "நோ மிஸ்டேக் இஸ் டூ ஸ்மால் டு பி கரெக்டட்"னா, திருத்த வேண்டாம்னு விடுற அளவுக்கு எந்தத் தப்பும் சின்னது இல்ல, அதாவது எவ்வளவு சின்ன தப்பா இருந்தாலும் திருத்தலாம். அதே அச்சுல "திருத்து"ங்கிற இடத்துல "அலட்சியப்படுத்து"ன்னு போடுங்க: எவ்வளவு சின்ன அடியா இருந்தாலும் அலட்சியப்படுத்தலாம்! நோ, டூ, ட்ரிவியல், இக்னோர்னு நாலு எதிர்மறைச் சாயல் அடுக்கி வரும்போது மனசு கணக்கு போடுறதை விட்டுட்டு, உலக நடப்புல எது சரியோ அதையே வாக்கியம் சொல்லுதுன்னு எடுத்துக்குது.

தினமும் வர்ற சிலது:

1. "யூ கான்ட் பி டூ கேர்ஃபுல்": எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும் தகும். ரொம்ப ஜாக்கிரதை வேண்டாம்னு இல்ல.

2. "ஐ குடன்ட் அக்ரீ மோர்": முழுசா ஒத்துக்கறேன். "குடன்ட்"டை மட்டும் பாத்துட்டு சண்டைக்குப் போயிடாதீங்க.

3. "ஆல் பட் ஃபினிஷ்ட்"னா கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி. "எனிதிங் பட் ஃபினிஷ்ட்"னா முடியவே இல்ல. "நத்திங் பட் ட்ரபிள்"னா தொல்லையைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. மூணுலயும் "பட்"டுக்கு "ஆனா"ன்ற அர்த்தமே கிடையாது.

4. "ஹி டிடன்ட் ரிசைன் பிகாஸ் ஆஃப் தி மனி." இது ரெண்டு விதமா போகும்: பணம் காரணமா வேலையை விடாம இருந்துட்டார், இல்லன்னா வேலையை விட்டார் ஆனா பணத்துக்காக இல்ல. பேச்சுல குரல் காட்டிக் கொடுத்துடும், எழுத்துல முன்ன பின்ன இருக்குற வரிகளைத்தான் நம்பணும்.

"ஹாட்"டுக்கு அப்புறம் வர்ற வினை இடம் மாறினாலும் அர்த்தம் மாறிடும். "ஐ ஹாட் ரிப்பேர்ட் மை ஃபோன்"னா நானே ரிப்பேர் பண்ணியிருந்தேன், "ஐ ஹாட் மை ஃபோன் ரிப்பேர்ட்"னா ஆள் கிட்ட குடுத்து பண்ண வெச்சேன்.

## நியூஸ் தலைப்பு மொழி

தலைப்பு எழுதுறவங்களுக்கு இடம் கம்மி, அதனால ஏ, தி, இஸ், வாஸ் எல்லாத்தையும் வெட்டிடுவாங்க. நடந்து முடிஞ்சதை நிகழ்காலத்துல சொல்வாங்க, இனிமே நடக்கப்போறதை "டு" போட்டு சொல்வாங்க, கமா வந்தா "அண்ட்"னு அர்த்தம். "டூ ஹெல்ட்"னா ரெண்டு பேர் கைது, அவங்க எதையும் பிடிச்சுக்கிட்டு நிக்கல.

2009ல ஒரு ஜப்பான் செய்தித் தளத்துல வந்த தலைப்பு: "வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜேஏஎல் கிராஷ் ப்ளாசம்ஸ்." கிராஷ் ப்ளாசம்னா என்ன பூன்னு படிச்சவங்க முழிச்சாங்க. 1985ல நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்துல அப்பாவைப் பறிகொடுத்த ஒரு வயலின் கலைஞர் இப்ப நல்லா முன்னேறி வர்றாங்க, இதுதான் செய்தி. "ப்ளாசம்ஸ்"தான் முற்று, "லிங்க்ட்" எச்சம், அந்தக் குதிரை வாக்கியத்தோட அதே அமைப்பு. அதுல இருந்து இப்படி காலை வாரிவிடுற தலைப்புகளுக்கே "கிராஷ் ப்ளாசம்"னு பேர் வந்துடுச்சு.

## ஒரு கமா, அம்பது லட்சம் டாலர்

இதெல்லாம் பரீட்சைல மார்க் போற விஷயம் மட்டும்தான்னு நெனச்சா, அமெரிக்கால மெய்ன் மாநிலத்துல நடந்த வழக்கைப் பாக்கணும். அங்க ஓவர்டைம் சட்டத்துல உணவுப் பொருள் சம்பந்தமான சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு ஒரு பட்டியல், அதோட கடைசில "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்"னு வருது, "ஆர்"க்கு முன்னாடி கமா இல்ல. இருந்திருந்தா டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலைன்னு தெளிவா தெரிஞ்சிருக்கும். ஓக்ஹர்ஸ்ட் டெய்ரின்ற பால் கம்பெனியோட டிரைவர்கள் கேஸ் போட்டாங்க.

கம்பெனி சொன்னது: பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிப்யூஷன் இன்னொரு வேலை, ரெண்டுக்கும் ஓவர்டைம் இல்ல. டிரைவர்கள் சொன்னது: ஷிப்மென்ட்டுக்கோ டிஸ்ட்ரிப்யூஷனுக்கோ பேக் பண்றது, மொத்தமும் ஒரே வேலை, நாங்க பேக் பண்றதில்ல, கொண்டு போய் சேக்குறோம், அதனால எங்களுக்கு ஓவர்டைம் உண்டு. கமாவை மட்டும் அவங்க நம்பல, இன்னொண்ணையும் எடுத்துக் காட்டினாங்க: பட்டியல்ல இருக்குற வேலையெல்லாம் கேனிங், ஃப்ரீஸிங், ஸ்டோரிங், பேக்கிங்னு "இங்"ல முடியுது, டிஸ்ட்ரிப்யூஷன் மட்டும் "ஷிப்மென்ட்" மாதிரியே வெறும் பெயர்ச்சொல்லா நிக்குது, அப்ப அது பட்டியல்ல தனி ஆள் இல்ல, ஷிப்மென்ட்டோட ஜோடி. பாயிண்ட்டுதான்!

2017ல ஃபெடரல் அப்பீல் கோர்ட், இந்த வரியை ரெண்டு விதமாவும் படிக்க முடியும், அப்படி இருக்கும்போது தொழிலாளிக்குச் சாதகமாத்தான் எடுத்துக்கணும்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணுச்சு. அதோட மெய்ன் மாநிலம் அந்தச் சட்டத்தையே திருத்தி, பட்டியல்ல ஒவ்வொரு வேலைக்கு நடுவுலயும் செமிகோலன் போட்டுடுச்சு.